வேலையை விட்ட காரணம்

ஜூன் 5, திங்கள்

வருமான வரிக் கணக்கை இந்த வருடம் நானே போட்டுவிடலாம் என்று காலையிலேயே கணினி முன் உட்கார்ந்தேன். போன ஆகஸ்டு வரை வாங்கிய சம்பளம், வங்கி வட்டி, அவ்வளவுதான் என்ற நினைப்பு. ஆனால் என் பெயரில் பிடித்த வரிகளின் பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. நவம்பரில் நான் எடுத்த பி.எஃப். பணத்தில் பத்து சதவீதம் வரியாகப் பிடித்திருக்கிறார்கள். பணம் கொஞ்சம் குறைந்து வந்தபோது ஏதோ வட்டிக் கணக்கு என்று விட்டிருந்தேன். பி.எஃப். பணத்துக்கு வரி கிடையாது என்பது ஊர் முழுக்கச் சொல்வது. நானே நாலைந்து பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

தொழில் என்ன என்று கேட்டிருந்த இடத்தில் கை நின்றது. இருபத்திரண்டு வருடம் டீ டேஸ்டர், தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்கிற வேலை. பதினேழு வருடம் ஒரு எஸ்டேட் கம்பெனியில், கடைசி நாலரை வருடம் இங்கே குன்னூரில் தேயிலை ஏலத் தரகு நிறுவனம் ஒன்றில். இப்போது என்ன போடுவது என்று தெரியாமல் அப்படியே மூடி வைத்தேன்.

மனைவி வசுமதி பள்ளியில் பாடம் முடித்து வருவதற்குள் பாலைக் காய்ச்சி வைக்கலாம் என்று அடுப்பில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு மேரி அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னங்க, உங்க வீட்டுல என்னமோ தீயுது!" என்று கத்திய பிறகுதான் ஓடினேன். பாத்திரம் கருகிவிட்டது. அடுப்படிக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சுவர்தான். கணக்குப் பார்க்கும்போது எனக்கு வேறெதுவும் தெரிவதில்லை.

ஜூன் 7, புதன்

நாள் முழுக்கத் தூறல். புதிதாகத் தொடங்கப்போகும் தேயிலைக் கடைப் பக்கம் போகவில்லை.

ஜூன் 9, வெள்ளி

குன்னூர் பெட்ஃபோர்டு பகுதியில் வாடகைக்குப் பிடித்திருக்கும் கடைக்குப் போனேன். பி.எஃப். பணத்தில் பாதி இதன் முன்பணத்துக்குப் போயிற்று. மீதியில் பாக்கெட் போடும் இயந்திரம் வாங்க வேண்டும். 'டேஸ்டர் தயா டீ' என்று பலகை எழுத ஆள் வந்திருந்தார். என் படத்தையும் ஒரு ஓரத்தில் போடலாம் என்றார். கையில் கோப்பையோடு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜோகி வந்தான். தரகு நிறுவனத்தில் என் பக்கத்து மேசைக்காரன். கோத்தகிரிப் பக்கத்துப் படுகர். இருபது வருடப் பழக்கம். சட்டைப்பையில் ஒரு பொட்டலம்.

"புது ஃபேக்டரி சரக்கு. எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீ ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லேன், தயா."

"சளி பிடிச்சிருக்கு, ஜோகி."

"எப்பக் கேட்டாலும் சளின்னு சொல்ற. ஊட்டில இருக்கறவனுக்கே இவ்வளவு சளி பிடிக்காது."

பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனான். அவன் முகம் சரியாக இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

ஜூன் 14, புதன்

மேட்டுப்பாளையம் போய் ஆடிட்டரைப் பார்த்தேன். வசுவோடு வேலை செய்யும் டீச்சர்கள் எல்லோரும் அவரிடம்தான் கணக்குக் கொடுக்கிறார்கள். பெயர் பூங்கோதை. முப்பத்தைந்து வயது இருக்கும். கருவாட்டு மண்டிக்கு மேலே மாடியில் அலுவலகம்.

நான் உள்ளே நுழைந்ததும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மன்னிச்சுக்குங்க சார், வாடகை கம்மின்னு இங்க வந்துட்டேன். வர்றவங்க எல்லாம் கர்ச்சீப்ப மூக்குல வெச்சுட்டுத்தான் படியேறுவாங்க. நீங்க ஒருத்தர்தான் சும்மா ஏறி வந்திருக்கீங்க."

"பழகிடுச்சுங்க," என்றேன். இன்றுதான் முதல்முறை வருகிறேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எஸ்டேட் கம்பெனிப் பி.எஃப். என்ன ஆயிற்று என்றார். அங்கிருந்து விலகியபோது எடுத்து வீடு கட்டிவிட்டோம் என்றேன்.

"அங்கதான் சார் தப்பு நடந்துபோச்சு. அந்தக் கணக்க இங்க மாத்தியிருந்தா அந்தப் பதினேழு வருஷமும் இதோட சேர்ந்திருக்கும். அத எடுத்துட்டதால இங்க புதுசா ஒண்ணுல இருந்து எண்ணணும். அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள எடுத்தா வரி உண்டுங்க."

"என் பணத்துக்கேவா?"

"கம்பெனி போட்ட பங்கும் அதுக்கு வந்த வட்டியும் இந்த வருஷச் சம்பளம் மாதிரி சேர்ந்துக்கும். உங்க பங்குக்கு வந்த வட்டி தனி வருமானம். உங்க பங்கக் காட்டி வருஷா வருஷம் வரியக் கொறச்சிருப்பீங்கல்ல, அந்தச் சலுகையும் திரும்பிப் போயிரும். அவங்க புடிச்ச பத்து சதவீதம் முன்பணம் மாதிரிதான். பாக்கி நாம கட்டணும்."

மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருக்கிறவர்கள் முன்கூட்டியே ஒரு படிவம் கொடுத்தால் அந்தப் பத்தையும் பிடிக்க மாட்டார்களாம். எனக்கு அது பொருந்தாது. அரை வருடச் சம்பளமும் இந்தப் பணமும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிட்டது.

பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "நாலரை வருஷம் ஆயிருக்கு. இன்னும் ஆறு மாசம் இருந்திருந்தா ஒரு ரூபா வரி இல்லீங்களே. ஏன் சார் அவசரப்பட்டு விட்டீங்க?"

"சொந்தத் தொழில் பண்ணலாம்னு."

"கம்பெனில ஆள் கொறச்சாங்களா? மூடப் போறாங்களா?"

"இல்லீங்க."

"ஏன் கேக்கறேன்னா, உடம்பு முடியாம வேலைய விட வேண்டி வந்தாலோ, நம்ம கையில இல்லாத வேற காரணத்துல போனாலோ, அஞ்சு வருஷம் ஆகலைன்னாலும் வரி இல்ல. அப்படி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்," என்றேன்.

சரி என்று எழுதிக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பர்லியாறு வரை நன்றாக வெயில், அதற்கு மேல் மூட்டம்.

ஜூன் 18, ஞாயிறு

ஷெட்டுக் கூரையில் ஒழுகும் இடத்தில் தார்த்தாள் ஒட்டினேன். மதியம் சாம்பாரும் உருளைக்கிழங்கும். முன்பெல்லாம் வசு, "பெருங்காயம் போதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறக்குவாள். போன வருடத்திலிருந்து கேட்பதில்லை. சமையல் கைக்கு நன்றாகப் படிந்துவிட்டது போலிருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் நன்றாக இருந்தது என்று சொன்னேன். அவள் தட்டைப் பார்த்தபடி, "சரிங்க" என்றாள்.

ஜூன் 22, வியாழன்

பூங்கோதை போன் செய்தார். கட்ட வேண்டிய பாக்கியைச் சொன்னார். பாக்கெட் இயந்திரத்தின் விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. சம்பளத்தில் சேரும் பகுதியைப் பழைய வருடங்களுக்குப் பிரித்துக் காட்டினால் கொஞ்சம் நிவாரணம் கிடைக்கும், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார். என் ராஜினாமாக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். 'சொந்தக் காரணங்களால்' என்று ஒரே ஒரு வரி.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைத்தார். "சார், திரும்பத் திரும்பக் கேக்கறேன்னு நெனச்சுக்காதீங்க. இவ்வளவு சம்பளத்த, வேற வேலையும் கையில இல்லாம யாரும் சும்மா விடமாட்டாங்க. கடைசித் தேதிக்கு ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றுமில்லை என்றேன். பணத்தைக் கட்டிவிட்டால் கணக்கு முடிந்தது.

ஜூன் 27, செவ்வாய்

மழை என்று பள்ளியை மதியமே விட்டுவிட்டார்கள். வசு வருவதற்குச் சற்று முன்வரை நான் மேசையில் இயந்திர விலைப்பட்டியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. டீ போடலாம் என்று அப்போதுதான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அவள் வாசல் கதவைத் திறந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தொடாதீங்க!" என்று ஒரு சத்தம். ஓடி வந்து என் கையிலிருந்த லைட்டரைப் பிடுங்கிக்கொண்டாள். சிலிண்டரை மூடினாள். எல்லா ஜன்னல்களையும் திறந்தாள். மழைச் சாரல் உள்ளே அடித்து விலைப்பட்டியல்கள் நனைந்துபோயின. அடுப்பின் குமிழ் சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. காலையில் வெந்நீர் வைத்தது நான்தான்.

"எவ்வளவு நேரமா வீட்டுலயே இருக்கீங்க?" என்றாள்.

"தூங்கிட்டேன் போல."

என் மூக்குக் கண்ணாடியையும் கையிலிருந்த பேனாவையும் பார்த்தாள். பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். வெகு நேரம் வரவில்லை. குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். லைட்டரை அவள் கையிலேயே வைத்திருந்தாள்.

ஜூன் 28, புதன்

வசு லீவு போட்டிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 1, சனி

இன்று காலை வசு எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போன வருஷம் மார்ச்சுல பரண்ல எலி செத்துக் கெடந்துச்சே, ஞாபகம் இருக்குங்களா?"

"இருக்கு."

"எனக்கும் மேரி அக்காவுக்கும் கொமட்டிக்கிட்டு வந்துச்சு. நான் ஹால்ல பாயப் போட்டுப் படுத்தேன். நீங்க அந்த ரூம்லயே, அந்தப் பரணுக்குக் கீழயே, நிம்மதியாத் தூங்குனீங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

நனைந்து காய்ந்த விலைப்பட்டியல்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. நான் எதக் கேட்டாலும் 'நல்லாருக்கு, நல்லாருக்கு'ங்கறீங்க. பெருங்காயமே போடாமக் கூடக் குடுத்துப் பாத்தேன். அதுக்கும் நல்லாருக்குன்னீங்க. அதுக்கப்புறம் எனக்குக் கேக்கவே மனசு வரல. செவ்வாக்கெழம அரை மணி நேரம் கழிச்சு வந்திருந்தேன்னா என்னங்க ஆயிருக்கும்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுதிவிடுகிறேன். எனக்கு வாசம் தெரிவதில்லை. போன வருடம் ஜனவரியில் வந்த காய்ச்சலோடு போனது. உப்பு தெரியும், இனிப்பு தெரியும், கசப்பும் துவர்ப்பும் தெரியும். மற்றது எதுவும் இல்லை. இப்படிப் போனால் திரும்பி வந்துவிடும் என்று ஊரில் பொதுவாகப் பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் வந்தது. நானும் ஒவ்வொரு நாளும் காலையில் காப்பிப்பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு வேலைக்குப் போனேன்.

டேஸ்டர் வேலையில் நாக்கு கால்பங்குதான். மீதி மூக்கு. சாற்றின் நிறத்தையும், வாயில் பிடிக்கும் துவர்ப்பையும், ஜோகியின் முகத்தையும் பார்த்துச் சில மாதம் ஓட்டினேன். அவன் உறிஞ்சித் துப்பியதும் புருவம் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பேன். ஆகஸ்டில் ஒரு நாள் ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு 'நல்ல மணம்' என்று சொன்னேன். பின்னால் வந்த ஜோகி குடித்துவிட்டு மெதுவாக, "தயா, இது புகை அடிச்ச சரக்கு" என்றான். உலர்த்தும்போது புகை ஏறிய தேயிலை. பயிற்சிக்கு வந்த முதல் வாரமே யாரும் கண்டுபிடிக்கும் குற்றம். நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். திருத்தி எழுதிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போனான். சாயங்காலமே நான் கடிதம் கொடுத்தேன். ஆறு மாதத்தைப் பற்றியெல்லாம் அன்று நினைக்கவில்லை. மறுநாள் காலை அந்தக் கோப்பை வரிசைக்கு முன் போய் நிற்க என்னால் முடியாது, அவ்வளவுதான் தெரிந்தது.

ஜூலை 5, புதன்

ஆடிட்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறாள் வசு. நான் கடையைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சான்றிதழ் மட்டும் போதாது, கம்பெனியும் எழுதித் தர வேண்டியிருக்கும். கம்பெனியில் காலையில் கேட்டால் சாயங்காலம் குன்னூர் முழுக்கத் தெரியும். மூக்கு போன டேஸ்டர் பெயரில் யார் டீ வாங்குவார்கள்? அதற்கு வரியைக் கட்டிவிட்டுப் போகலாம்.

அவள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள். "அப்ப வரியையும் கட்டீட்டு, இல்லாத மூக்கப் பலகைல எழுதி வித்துக்கலாங்கறீங்க."

ராத்திரி ரசம் வைத்தாள். "பெருங்காயம் போட்டிருக்கேன்," என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 8, சனி

பலகை எழுதுகிறவரிடம் போய் நிறுத்தச் சொன்னேன். 'டேஸ்டர்' வரை எழுதி முடித்திருந்தார். எழுதியவரைக்கும் கூலி கொடுத்தேன்.

ஜூலை 11, செவ்வாய்

கோயம்புத்தூரில் காது மூக்கு டாக்டர். வசுவும் வந்தாள். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். பிறகு சின்னச் சின்னக் குப்பிகளைத் திறந்து மூக்கடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு என்ன என்று சொல்லச் சொன்னார்.

முதல் குப்பிக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிவிடத்தான் வாய் வந்தது. ஏலக்காய் என்று சொல்லியிருப்பேன். குப்பிக்குள் என்ன இருக்கும் என்று ஊகிக்க எனக்குத் தெரியும். பக்கத்தில் வசு மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது காதில் கேட்டது.

"தெரியலீங்க, டாக்டர்."

அடுத்தது. "தெரியல." அதற்கடுத்தது. "தெரியல." சொல்லச் சொல்லத் தோள்பட்டை தளர்ந்துகொண்டே வந்தது. ஒரு குப்பியில் மட்டும் மூக்கு எரிந்தது. எரிச்சல் என்றேன். அது வேறு நரம்பு, வாசம் இல்லை என்றார் டாக்டர்.

காய்ச்சல் கிருமியால் நேர்ந்தது என்றார். கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். தினமும் காலையும் மாலையும் நாலு வாசனைகளை முகர்ந்து பழகச் சொன்னார். "பழைய வேலைய மறுபடி செய்ய முடியுங்களா?" என்று வசு கேட்டாள். "இப்போதைக்கு இல்லம்மா. அந்த வேலைக்கு இவரோட மூக்குதான கருவி," என்றார். அதையே சான்றிதழில் வேறு சொற்களில் எழுதிக் கொடுத்தார். பழைய சீட்டுகள் இருக்கிறதா என்று கேட்டார். போன வருடம் வேலையில் இருந்தபோதே யாருக்கும் தெரியாமல் ஊட்டியில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். அந்தச் சீட்டை மணிபர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வசு அதில் இருந்த தேதியைப் பார்த்தாள். வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 13, வியாழன்

தரகு நிறுவனத்துக்குப் போனேன். சுவைக்கும் அறையில் ஜோகி தனியாக இருந்தான். மேசை நீளத்துக்குக் கோப்பைகள். ஜன்னல் வெளிச்சம் சாற்றில் விழுந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிவப்பு. அந்த நிறங்களைப் பார்த்ததும் சொல்ல வேண்டியதை மறந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

"என்னப்பா, சளி போயிடுச்சா?" என்றான்.

"சளி இல்ல, ஜோகி." சொன்னேன். நின்றபடியே, முழுவதும். புகைச் சரக்கு வரை.

அவன் கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபம்தான் பட்டான், ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை.

"ஒரு வருஷமா நீ என் வீட்டுக்கு வரல. என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாம ஓடிட்ட. தயா பெரிய ஆளாயிட்டான், கடை போடப் போறான், இனிமே நம்மள மதிக்கமாட்டான்னு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டு இருக்கேன். நீ இதுக்காகவா ஒளிஞ்ச?"

"சாப்பிட்டா, அது எப்படி இருக்குன்னு நீ கேப்ப."

"கேட்டா? தெரியலன்னு சொல்லு. என்ன இப்ப?" துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "புகைச் சரக்கு அன்னிக்கே நான் கேட்டிருக்கணும். உனக்குப் புகை தெரியாமப் போறதாவது."

அவனே மேலாளர் அறைக்குக் கூட்டிப்போனான். மேலாளர் சான்றிதழைப் படித்துவிட்டு, "அப்பவே சொல்லியிருந்தா வேற வேலை பார்த்துக் குடுத்திருப்போமே," என்றார். ராஜினாமாவுக்கு உண்மையான காரணம் உடல்நிலை என்று கடிதம் தரச் சம்மதித்தார். டைப் அடிக்கும் பெண் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள்.

வெளியே வந்ததும் ஜோகி கடையைப் பற்றிக் கேட்டான். விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன் என்றேன்.

"எதுக்கு விடற? எந்த ஃபேக்டரி எந்த மாசத்துல நல்ல இலை வாங்கும், எவன் தூளுல கலப்படம் பண்ணுவான், உன்னவிட யாருக்குத் தெரியும்? இலையக் கைல எடுத்தா உனக்குத் தெரியாதா? நீயா ருசி பாத்துத் தூளக் கலக்காத. ஃபேக்டரி பேர அப்படியே போட்டு வித்துட்டுப் போ."

ஜூலை 17, திங்கள்

மார்க்கெட்டில் மளிகைக்காரர், "கேள்விப்பட்டேனுங்க," என்றார். அவ்வளவுதான். துவரம்பருப்பை நிறுத்துக் கட்டிக் கொடுத்தார்.

ஜூலை 19, புதன்

கடைக்குப் புதுப் பலகை. 'தயாபரன் தேயிலைக் கடை'. படம் இல்லை. இயந்திரம் இப்போது வேண்டாம். ஆலைகளிலிருந்து மூட்டையாக எடுத்துக் கண்ணெதிரே நிறுத்துக் கொடுக்கலாம். இரண்டு ஆலைக்காரர்களிடம் போனில் பேசினேன். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மற்றவர் அடுத்த வாரமே அனுப்புகிறேன் என்றார்.

காலையில் டாக்டர் சொன்ன நாலு குப்பிகள். ஒன்றுமில்லை.

ஜூலை 21, வெள்ளி

மதியத்துக்கு மேல் மேட்டுப்பாளையம். வசு பள்ளியிலிருந்து நேராக வந்து பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். கருவாட்டு மண்டிப் படியில் அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். நான் சும்மா ஏறினேன்.

பூங்கோதையிடம் டாக்டர் சான்றிதழையும் கம்பெனிக் கடிதத்தையும் கொடுத்தேன். "அன்னைக்கு உங்ககிட்ட உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். அது சரியில்லீங்க," என்றேன்.

அவர் இரண்டையும் நிதானமாகப் படித்தார். பாவம் என்ற பார்வை இல்லை. அதற்கு நான் நன்றி சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

"படியேறி வந்தப்பவே எனக்கு ஒரு சந்தேகம் சார். ஆனா நீங்களாச் சொல்லாம நான் எழுத முடியாதுங்களே." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்தப் பணத்த மறைக்கறது இல்ல. வந்ததக் காட்டணும், வரி இல்லாத வருமானம்கற எடத்துல காட்டணும். அப்பப் புடிச்ச பத்து சதவீதமும் திரும்பி வரணும். ஆனா ஒண்ணு. ராஜினாமால நீங்க சொந்தக் காரணம்னு எழுதிட்டீங்க. அதனால ஆபீசர் ஒருவேளை கேள்வி கேக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம். கேட்டா இந்த ரெண்டையும், ஊட்டிச் சீட்டையும் குடுப்போம். அதுக்குத் தயாரா இருக்கீங்களா? அப்ப இன்னும் நாலு பேரு படிப்பாங்க."

"படிக்கட்டுங்க," என்றேன்.

தட்டச்சு செய்தார். அனுப்புவதற்கு முன் என்னிடம் சரிபார்க்க, எங்கள் கோப்புக்கான குறிப்பைச் சத்தமாக வாசித்தார். "பெயர் தயாபரன். தொழில் தேயிலை வியாபாரம். முன்னாள் தேயிலைச் சுவைப்பாளர். முகரும் திறனை இழந்ததால் பணியைத் தொடர இயலாமல் விலகினார். சரிங்களா சார்?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே யாரோ மூட்டையை இறக்கும் சத்தம். வசு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றேன்.

என் போனுக்கு வந்த எண்ணைச் சொன்னேன். அவர் அடித்தார். கணக்கு போய்விட்டது என்றார். பணம் திரும்பி வர மாதங்கள் ஆகலாம், வராவிட்டால் மேலே எழுதிக் கேட்கலாம் என்றார். வசு கொண்டுவந்திருந்த ஊட்டி வர்க்கி பிஸ்கட்டை அவரிடம் கொடுத்தாள்.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரச் சொன்னாள். கல்லாறு தாண்டி முதல் வளைவு வந்தது. ஈரக்காற்று அடித்தது.

"இப்ப பாக்கு வாசம் அடிக்குதுங்க," என்றாள் திடீரென்று. எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஈரப் பாக்கு. கீழ தோப்புல காய வெச்சிருப்பாங்க போல."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் எதிரே பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்ப பிரேக் தேயற வாடை. ரப்பர் கருகுன மாதிரி… இது பலாப்பழம். ஆமா, பர்லியாறு வந்துருச்சு… முன்சீட்டு அம்மா தலைல மரிக்கொழுந்து வெச்சிருக்காங்க. கொஞ்சம் வாடிருச்சு." சொற்கள் கிடைக்காமல் சில இடங்களில் நின்று யோசித்தாள். பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறவள். வாசனைகளைச் சொல்லிப் பழக்கமில்லை.

காட்டேரிக்கு மேலே பனிமூட்டத்துக்குள் நுழைந்தோம். பஸ்ஸுக்குள் விளக்கைப் போட்டார்கள். அவள் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

"இது என்ன வாசம்?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க," என்றாள். "ஆனா நல்லாருக்கு."

நான் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் சொல்லச் சொன்னேன்.